கழுத்தில் பொரி வராமல் சேவிங்: ரேசர் வாங்குவது முதல் பழைய பிளேடைப் போடுவது வரை

போன ஆடியில் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். படிப்பு முடித்து திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. சட்டைக் காலர் கழுத்தில் படாதபடி தலையைத் தூக்கியே உட்கார்ந்திருந்தான். கேட்டதற்கு, "ஏனுங் மாமா, கன்னத்துல ஒண்ணுமே இல்லீங்க. கழுத்துல மட்டும் ஏன் இப்படிப் பொரிப்பொரியா வருது?" என்றான். வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தேன். தாடைக்குக் கீழே, குரல்வளையின் இரண்டு பக்கமும் நொய்யரிசி அளவில் சிவந்த முடிச்சுகள். சிலவற்றின் நடுவே கறுப்பாக ஒரு முடி சுருண்டு, வெளியே வராமல் தோலுக்குள்ளேயே படுத்திருந்தது.

எனக்கும் அந்த வயதில் அதே இடத்தில் அதே முடிச்சுகள் இருந்தன. ஆறேழு வருடம் ரேசரை மாற்றினேன், கிரீமை மாற்றினேன், ஒன்றும் குறையவில்லை. கடைசியில் மூன்று காரியத்தால் அடங்கியது. முடியை நன்றாக ஊறவிட்டேன். கை அழுத்தத்தை விட்டேன். கழுத்து முடி எந்தப் பக்கம் பார்த்து வளர்கிறது என்று கண்டுபிடித்து அந்தப் பக்கமாகவே ரேசரை இழுத்தேன். எந்த ரேசர் என்பது இந்த மூன்றுக்கும் பின்னால்தான் வரும். அன்று அவனை உட்கார வைத்துச் சொன்னதையும் செய்து காட்டியதையும்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தோலுக்கு என்ன நடக்கிறது

முகத்து முடி ஒரு நாளைக்கு சுமார் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வளரும். காய்ந்த தாடி முடி விறைப்பானது. அதே முடி வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் தண்ணீரைக் குடித்து உப்பி, மெத்தென்று ஆகிவிடும். பிளேடுக்கு வேலை பாதியாகக் குறையும். ஊறாத முடியை அறுக்கும்போது பிளேடு முடியைப் பிடித்து இழுக்கிறது. வெட்டுப்படாததால் நாம் அழுத்துகிறோம். அழுத்தியதும் முடியோடு தோலின் மேல்படலமும் சேர்ந்து சீவப்படுகிறது. சேவ் செய்தபின் வரும் எரிச்சல் இந்தச் சீவலால்தான்.

பொரி வருவது வேறு வழியில். ரேசரை முடி வளரும் திசைக்கு எதிராக, தோலை இறுக்கி இழுத்துப்பிடித்து ஓட்டினால், முடி தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டுப்படும். தோலை விட்டதும் அந்த நுனி உள்ளே போய்விடும். சாய்வாக வெட்டுப்பட்ட நுனி ஊசி மாதிரி கூர்மையாக இருக்கும். சுருள் முடிக்காரர்களுக்கு அது நேராக வெளியே வராமல் பக்கவாட்டில் தோலைக் குத்திக்கொண்டு வளரும். உடம்பு அதை வெளியிலிருந்து வந்த முள் என்று நினைத்துச் சிவந்து வீங்கிக் காட்டுகிறது. அக்கா மகனுக்குத் தலைமுடியும் சுருட்டைதான். அவன் கழுத்தில் இருந்தது இதுதான்.

ஒரு பயத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். முதல் முறை மீசை தாடி மழிக்கும் பையன்களிடம், "இப்பவே எடுத்தா முடி தடிச்சு வளரும்" என்று வீட்டில் சொல்வார்கள். மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1928-லேயே இதை அளந்து பார்த்து, மழிப்பதால் முடி தடிப்பதும் இல்லை, வேகமாக வளர்வதும் இல்லை என்று எழுதிவிட்டார். இயற்கையாக வளர்ந்த முடியின் நுனி மெலிந்திருக்கும், வெட்டிய முடியின் நுனி மொட்டையாக இருக்கும். தடவும்போது சொரசொரப்பது அதனால்தான்.

ரேசர் எது

சவரக்கத்தியைச் சலூனுக்கே விட்டுவிடலாம். வீட்டில் கண்ணாடி பார்த்து அதைப் பழகுவதற்கு வேறு பொறுமை வேண்டும். மீதம் இருப்பவை நாலு வகை.

முதலாவது டபுள் எட்ஜ் ரேசர். நம் அப்பாருமார்கள், அதாவது தாத்தாமார்கள், வைத்திருந்த, மேல்மூடியைத் திருகிக் கழற்றி நடுவே பிளேடு போடும் சேவிங் செட். கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கர் இதை 1903-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். முதல் வருடம் விற்றது வெறும் 51 ரேசர். 1904-ல் காப்புரிமை கிடைத்தது. இன்று விற்கும் ரேசரும் அடிப்படையில் அதேதான். பிளேடின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஒரே ஓரம் ஒரு முறைதான் தோலைத் தொடுகிறது, அதனால் பொரி வரும் தோலுக்கு இது நல்லது. பழக மூன்று நாலு வாரம் ஆகும். சாய்வு தவறினால் வெட்டும். வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கனம்தான் அழுத்தத்துக்குப் பதிலாக வேலை செய்யப்போகிறது. பிளேடின் அடியில் இருக்கும் பட்டை சீப்புப் பல் மாதிரி பிளந்திருந்தால் அது வேகமாக வெட்டும் வகை. புதிதாகப் பழகுபவர் பல் இல்லாத, மூடிய பட்டை உள்ளதை வாங்கட்டும். மூடியைப் போட்டு முடுக்கியபின் பிளேடு இரண்டு பக்கமும் ஒரே அளவில் வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் துருத்தி, மறுபக்கம் உள்ளே போயிருந்தால் அந்த ரேசர் வேண்டாம்.

இரண்டாவது, தலையை மட்டும் மாற்றும் கார்ட்ரிட்ஜ் ரேசர். 1971-ல் இரண்டு பிளேடு வந்தது, 1998-ல் மூன்று, 2006-ல் ஐந்து. முன்னால் போகும் பிளேடு முடியைக் கொஞ்சம் தூக்க, அது திரும்பி உள்ளே போவதற்குள் பின்னால் வரும் பிளேடு இன்னும் கீழே வெட்டும். நேர்முடிக்காரருக்கு வழவழவென்று வரும். சுருள் முடிக்காரருக்கு, மேலே சொன்ன பொரிக்கு இதுவே வழி போட்டுக்கொடுக்கும். ஐந்து பிளேடு என்றால் ஒரு இழுப்பில் ஐந்து முறை தோலைச் சீவுகிறோம் என்றும் நினைவிருக்கட்டும். 2010-ல் ஜில்லெட் கார்ட் என்று நம் நாட்டுக்கென்றே ஒற்றைப் பிளேடு ரேசர் வந்தது. குழாயைத் திறந்துவிட்டு அல்லாமல் ஒரு கிண்ணத் தண்ணீரில் சேவ் செய்கிறவர்களை வைத்து வடிவமைத்தது. கன்னமும் கழுத்தும் பழகாத பையனுக்கு முதல் ரேசராக அந்த மாதிரி ஒற்றைப் பிளேடைத்தான் நான் சொல்வேன். விலையும் கையைக் கடிக்காது.

யூஸ் அண்ட் த்ரோ ரேசர் ஊருக்குப் போகும்போது பைக்குள் கிடக்கட்டும். தினசரிக்கு வேண்டாம். தலை லேசாக இருப்பதால் தானாகவே அழுத்தத் தோன்றும்.

நாலாவது மின்சார ரேசரும் டிரிம்மரும். டிரிம்மர் கொஞ்சமாவது முடியை விட்டுவைக்கும், தோலுக்குக் கீழே போகவே போகாது. பொரி முற்றியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், கை நடுங்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் இதுதான் சரி. அப்பாவுக்கு ஏதாவது வாங்கித் தரவேண்டும் என்றால் யோசிக்காமல் இதை வாங்குங்கள்.

பிளேடு பற்றி ஒன்று. டபுள் எட்ஜ் பிளேடை மூன்று முதல் ஐந்து சேவில் மாற்றிவிட வேண்டும். முடி இரும்பைவிட மெத்து, ஐம்பது மடங்கு மெத்து, பின் எப்படி பிளேடு மழுங்குகிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டார்கள். ஓரம் சீராகத் தேய்வதில்லை, முடி வளைந்து படும் இடங்களில் பொடிப்பொடியாகச் சில்லு போகிறது என்பது அவர்கள் கண்டது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சில்லுகள்தான் நாலாம் நாள் முடியைப் பிடித்துப் பிய்ப்பது. பிளேடைத் துண்டில் துடைக்காதீர்கள், ஓரத்தில் இருக்கும் மெல்லிய பூச்சு போய்விடும். தண்ணீரில் அலசி, உதறி, காற்றாடும் இடத்தில் வையுங்கள்.

நம்மூர்த் தண்ணீர்

இதை வெளியூர்க்காரர் எழுதும் குறிப்புகளில் பார்க்க முடியாது, ஆனால் கொங்கில் பாதிப் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. பல்லடம், காங்கயம், தாராபுரம், கோவையின் புறப்பகுதிகள் என்று எங்கு பார்த்தாலும் குளிக்கப் போர் தண்ணீர். அதில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். வாளியில் வெள்ளைப் படிவு, குழாய் முனையில் சுண்ணாம்பு, தலைக்கு எவ்வளவு ஷாம்பு போட்டாலும் நுரைக்காமை, இதெல்லாம் அதன் அடையாளம். அந்தத் தண்ணீரில் சேவிங் சோப்பைக் குழைத்தால் நுரைக்குப் பதில் தயிர் திரிந்த மாதிரி ஒரு பிசுக்கு வரும். அதற்கு வழுக்கும் தன்மை கிடையாது. பிளேடு தோலின் மேல் வெறுமனே ஓடும். சேவ் முடிந்தபின் அந்தப் பிசுக்கே தோலில் ஒட்டி அரிக்கும்.

சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீடுகளில் கவலை இல்லை, கொஞ்சம் சோப்பிலேயே நுரை பொங்கும். மற்ற வீடுகளில் குடிக்கிற ஆற்றுத் தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ ஒரு சொம்பு எடுத்துச் சுடவைத்துக்கொள்ளுங்கள். ஒரு சேவுக்கு ஒரு சொம்பு போதும். நான் சோப்பு குழைக்க, ரேசரை அலச, கடைசியில் முகம் கழுவ என்று அந்த ஒரு சொம்பிலேயே முடித்துவிடுவேன். நல்ல தண்ணீரே இல்லை என்றால் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மேலே தெளிந்ததை எடுத்தால் ஓரளவு பரவாயில்லை. சோப்பைவிட கிரீமும் ஃபோமும் இந்தத் தண்ணீரைக் கொஞ்சம் தாங்கும். குளிக்கிற சோப்பு மட்டும் வேண்டாம். காரம் அதிகம், தோலை வறட்டிவிடும்.

முடியின் திசையைக் கண்டுபிடிப்பது

சேவ் செய்து இரண்டு நாள் விடுங்கள். மூன்றாம் நாள் காலை, முகம் காய்ந்திருக்கும்போது, ஒரு சிட்டிகை பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சுக்கு நம்மூரில் பஞ்சமா? கன்னத்தில் மேலிருந்து கீழே லேசாகத் தடவுங்கள். வழுக்கிக்கொண்டு போகும். கீழிருந்து மேலே தடவினால் முடி நுனிகளில் பஞ்சு இழை இழையாக மாட்டிக்கொள்ளும். வழுக்குகிற பக்கம்தான் முடி வளர்கிற பக்கம். இப்படியே தாடை, கழுத்தின் வலப்பக்கம், இடப்பக்கம், குரல்வளைக்கு மேல், அதற்குக் கீழ் என்று விரல் அளவு இடம் விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

கன்னத்தில் பெரும்பாலானவர்களுக்கு முடி கீழ்நோக்கித்தான் வளரும். கழுத்தில்தான் ஆளுக்கு ஆள் வேறுபடும். அக்கா மகனுக்கு வலப்பக்கக் கழுத்தில் முடி கீழிருந்து மேலாகவும், இடப்பக்கத்தில் காதிலிருந்து குரல்வளை நோக்கிப் படுக்கைவாட்டிலும் இருந்தது. அவன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, கீழிருந்து மேலாக இழுத்துக்கொண்டிருந்தான். பொரி இடப்பக்கம்தான் அதிகம். பஞ்சு மாட்டிய இடத்தையும் பொரி இருந்த இடத்தையும் கண்ணாடியில் காட்டினேன். "ஓ... அதுதானுங்களா" என்று ரொம்ப நேரம் தடவிக்கொண்டே இருந்தான்.

ஒரு தாளில் முகம் மாதிரி வரைந்து அம்புக்குறி போட்டுக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் கைக்குப் பழகிவிடும், அப்புறம் தாளைக் கிழித்துவிடலாம்.

ஊறவிடுவது

உலகமெல்லாம் குளித்துவிட்டுச் சேவ் செய் என்பார்கள். நம் வீடுகளில் சேவ் செய்துவிட்டுத்தான் குளிப்பது வழக்கம், அதைப் பெரியவர்கள் மாற்ற விடமாட்டார்கள். மாற்றவும் வேண்டியதில்லை. ஒரு ஈரிழைத் துண்டைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்து, முகத்திலும் கழுத்திலும் போர்த்தி மூன்று நிமிடம் வையுங்கள். கை பொறுக்கும் சூடு போதும். கொதிக்கக் கொதிக்க வைத்தால் தோல் சிவந்து, பிளேடு படும்போது இன்னும் எரியும்.

எங்கள் அப்பாரு திண்ணைத் தூணில் ஒரு ஆணியில் கண்ணாடியை மாட்டி, பித்தளைக் கிண்ணத்தில் சுடுதண்ணீர் வைத்துக்கொண்டு உட்காருவார். முகம் முழுக்க நுரையைப் பூசிவிட்டு, ரேசரைத் தொடாமல் பேப்பரை எடுத்து ஈரோட்டில் மஞ்சள் என்ன விலை என்று பார்ப்பார். படித்து முடித்தபின் காய்ந்த நுரையின் மேல் இன்னொரு முறை பிரஷ் போடுவார். எண்பது வயதுவரை அவர் கழுத்தில் ஒரு பொரி நான் பார்த்ததில்லை. அந்த மஞ்சள் விலை படிக்கிற நேரத்தில்தான் முடி ஊறியிருக்கிறது என்பது எனக்கு விளங்க இருபது வருடம் ஆனது.

தோல் ரொம்ப வறண்டவர்கள், முக்கியமாக ஆடிக் காற்று அடிக்கிற மாதங்களில், துண்டு வைக்கும் முன் நாலு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமெல்லாம் உதட்டையும் கன்னத்தையும் காயப்போட்டுவிடும். முகப்பரு உள்ளவர்கள் எண்ணெயைத் தொடவேண்டாம், பரு கூடும்.

இனி நுரை. கிரீம் என்றால் இரண்டு புளியங்கொட்டை அளவு போதும். பிரஷை நனைத்து, அதிகத் தண்ணீரை உதறி, முகத்தில் வட்டமாகத் தேய்த்து நுரைக்க வையுங்கள். கெட்டித் தயிர் பதம் வரவேண்டும். பெரிய பெரிய குமிழியாக இருந்தால் தண்ணீர் அதிகம், பசைபோல் ஒட்டினால் தண்ணீர் குறைவு, பிரஷ் நுனியை மட்டும் நனைத்து மறுபடி சுற்றுங்கள். பிரஷ் முடியைத் தூக்கி நிறுத்திக் கொடுக்கும், கையால் பூசினால் அது நடக்காது. விலை குறைந்த செயற்கை இழைப் பிரஷே நன்றாக உழைக்கும், சீக்கிரம் காயும்.

இழுப்பது

"கண்ணு, மம்பட்டி புடிக்கிற மாதிரி புடிக்காத" என்றுதான் அவனிடம் முதலில் சொன்னேன். ரேசரின் கைப்பிடியைக் கீழ்முனைக்குப் பக்கத்தில், கட்டைவிரலும் இரண்டு விரலும் மட்டும் வைத்து, வெற்றிலைக் காம்பைப் பிடிப்பதுபோல் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் அழுத்த நினைத்தாலும் அழுத்த முடியாது.

டபுள் எட்ஜ் என்றால் சாய்வு முக்கியம். ரேசரின் மேல்மூடியைக் கன்னத்தில் தட்டையாக வையுங்கள், கைப்பிடி நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து கைப்பிடியை மெல்ல மெல்லக் கீழே இறக்குங்கள். பிளேடு முடியைத் தொட்டதும் சரக்சரக்கென்று ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். பிளேடு தோலோடு சுமார் 30 டிகிரி சாய்வில் நிற்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் இறக்காதீர்கள். கார்ட்ரிட்ஜ் ரேசரில் தலையே சாய்ந்துகொள்ளும், அழுத்தாமல் இருந்தால் போதும்.

ஒரு இழுப்பு இரண்டு மூன்று சென்டிமீட்டர். காதோரத்திலிருந்து தாடைவரை ஒரே இழுப்பாக இழுக்கிற பழக்கம் விளம்பரம் பார்த்து வந்தது. இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை ரேசரைச் சொம்புத் தண்ணீரில் அலசுங்கள். நுரை போன இடத்தில் மறுபடி பிளேடு போகக்கூடாது. விட்டுப்போனது தெரிந்தால் அந்த இடத்துக்கு மறுபடி நுரை.

வரிசை: முதலில் இரண்டு கன்னம், பிறகு கழுத்து, கடைசியாக மேலுதடும் மோவாயும். மோவாய் முடிதான் எல்லாவற்றிலும் தடிமன், அது கூடுதலாக ஊறட்டும். தாடை எலும்பின் திருப்பத்தில் ரேசரைத் திருப்பாமல், இன்னொரு கையால் கன்னத்துத் தோலை மேலே நகர்த்தி அந்த இடத்தைச் சமமாக்கிக்கொள்ளுங்கள். குரல்வளை மேட்டில் தோலைப் பக்கவாட்டில் தள்ளினால் மேடு விலகிச் சமதளம் கிடைக்கும். மச்சம், பரு இருந்தால் சுற்றிப் போங்கள். பொரி வரும் தோலை ரொம்ப இறுக்கி இழுக்கவும் வேண்டாம்.

முதல் சுற்று முழுக்க முடி வளரும் பக்கமாகவே. அதன்பின் தடவிப் பாருங்கள். ஆபீசுக்கு, விசேஷத்துக்கு இதுவே போதும். இன்னும் நெருக்கமாக வேண்டும் என்றால் மறுபடி நுரை பூசி, இரண்டாவது சுற்றை முடிக்குக் குறுக்காக ஓட்டுங்கள். எதிர்த்திசையில் மூன்றாவது சுற்று சிலருக்கு ஒத்துக்கொள்ளும். கழுத்தில் ஒருமுறையாவது பொரி வந்தவர்கள் அதைச் செய்யவே கூடாது. கையால் தடவும்போது துளி சொரசொரப்பு இருக்கட்டும். அது கண்ணுக்குத் தெரியாது.

சபரிமலைக்கோ பழனிப் பாதயாத்திரைக்கோ மாலை போட்டுத் தாடி வளர்த்தவர்கள், திரும்பி வந்ததும் நேராக ரேசரை எடுக்காதீர்கள். நீள முடி பிளேடுக்குள் அடைத்து, வேரோடு பிடித்து இழுக்கும். டிரிம்மரிலோ, சீப்பு வைத்துக் கத்தரியிலோ ஒட்ட வெட்டிவிட்டு அப்புறம் ஊறவையுங்கள்.

முடித்தபின்

குளிர்ந்த தண்ணீரில் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். சீனாக்காரம் என்று நாம் சொல்லும் படிகாரக் கட்டி நல்ல பொருள். சின்னக் கீறல்களில் ரத்தத்தை நிறுத்தும், தோலைச் சுருக்கும். ஈரமுகத்தில் ஒருமுறை லேசாகத் தடவி, அரை நிமிடம் விட்டுக் கழுவிவிட வேண்டும். அப்படியே விட்டால் வறட்டும். எங்கே சுரீரென்று எரிகிறதோ அங்கேதான் நீங்கள் அழுத்தியிருக்கிறீர்கள். அடுத்த முறைக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. கட்டி ஆளுக்கு ஒன்று, வீட்டிலும் பொதுவில் வைக்காதீர்கள்.

ஸ்பிரிட் வாசம் அடிக்கும் ஆஃப்டர்சேவ் கிருமியைக் கொல்லும், கூடவே தோலையும் காயவைக்கும். வாசனை இல்லாத சாதா மாய்ஸ்சரைசர் போதும். சோற்றுக் கற்றாழை வைப்பவர்கள், மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டு, கழுவி, உள்ளே இருக்கும் கண்ணாடி போன்ற சதையை மட்டும் எடுக்க வேண்டும். அந்த மஞ்சள் பால் பட்டால் அரிக்கும்.

வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை வைத்து இரண்டு மூன்று நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். காப்பித்தூள், கடையில் வாங்கிய மஞ்சள்தூள், பேப்பர் துண்டு எதுவும் காயத்தில் வேண்டாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? செவ்வாய், வெள்ளி சேவ் செய்யாத வீடுகள் நம்மிடம் நிறைய. அந்த இடைவெளி தோலுக்கு நல்லதுதான். வேலை இடம் கொடுத்தால் ஒன்றுவிட்டு ஒருநாள் செய்யுங்கள்.

பொரி ஏற்கெனவே வந்திருந்தால்

ரேசரை மூன்று நாலு வாரம் எடுத்து வைத்துவிட வேண்டும். சேவ் செய்யாமல் கம்பெனிக்குப் போக முடியாது என்றால் டிரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். தினம் இருமுறை வெதுவெதுப்பான ஈரத்துணி ஒத்தடம் கொடுங்கள். மடங்கிய முடி கண்ணுக்குத் தெரிந்தால், அதன் வளைவை மட்டும் சுத்தமான ஊசி நுனியால் மெல்லத் தூக்கி விடலாம். பிடுங்கக் கூடாது, தோண்டவும் கூடாது. தோண்டிய இடம் கறுத்துத் தழும்பாகும், நம் நிறத்துக்கு அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் போகாது.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டியூப்பில் கவனமாக இருங்கள். அரிப்புக்கும் சிவப்புக்கும் கொடுக்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டு நாளில் அடங்கிய மாதிரி காட்டும். தொடர்ந்து போட்டால் முகத்துத் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகும். எனக்கே ஒருமுறை அப்படிக் கொடுத்தார்கள், முகம் பழையபடி ஆக ஏழெட்டு மாதம் பிடித்தது. சீழ் வைத்தாலும், வட்டமாகப் படர்ந்து அரித்தாலும், காய்ச்சல் வந்தாலும் தோல் டாக்டரைப் பாருங்கள். வட்டமாகப் படர்வது பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டியதில்லை.

சலூனுக்குப் போனால்

"அண்ணா, புது பிளேடு போட்டுக்குங்க" என்று சொல்வதில் கூச்சமே வேண்டாம். நல்ல சலூனில் உங்கள் கண்முன்னாலேயே உறையைப் பிரித்து, பிளேடை இரண்டாக ஒடித்துக் கத்தியில் மாட்டுவார்கள். ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். ஒருவர் பிளேடு இன்னொருவருக்கு ஆகாது என்பது அண்ணன் தம்பிக்கும் அப்பா மகனுக்கும் சேர்த்துத்தான். பொதுப் படிகாரக் கட்டியையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் முடி எந்தப் பக்கம் போகிறது என்று முதலிலேயே சொன்னால், கை தேர்ந்தவர் அதன்படியே செய்வார்.

பழைய பிளேடு

இதைச் சொல்லாமல் விடமாட்டேன். எங்கள் தோட்டத்தில் பழைய பிளேடைக் குப்பைக்குழியில் போடுவார்கள். சாணத்தோடு மக்கி, சித்திரையில் வண்டியேறி, எருவாகக் காட்டுக்குப் போகும். களை எடுக்க வந்த ஒரு பாட்டியின் உள்ளங்காலை அப்படிப் போன பாதிப் பிளேடு ஒன்று கிழித்ததை நான் பார்த்திருக்கிறேன். மாடு வைக்கோலோடு சேர்த்து விழுங்கினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

காலியான பவுடர் டப்பா ஒன்றை எடுத்து, பிளேடு நுழையும் அளவுக்குப் பக்கத்தில் ஒரு கீறல் போடுங்கள். அதைக் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே வைத்து, மாற்றும் பிளேடை எல்லாம் அதற்குள் தள்ளுங்கள். ஒரு டப்பா நிறைய வருடக்கணக்கில் ஆகும். நிறைந்ததும் கீறலை டேப் போட்டு ஒட்டி, மேலே "பிளேடு" என்று பெரிதாக எழுதி, குப்பை வாங்க வருபவரின் கையில் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.